குன்னூர்க் குளிரும் மூன்று மீன் தொட்டிகளும்: ஹீட்டர் செலவைக் குறைத்த கணக்கு

மகன் கோவைக்குக் கல்லூரி படிக்கப் போனபோது என் தலையில் கட்டிவிட்டுப் போனது மூன்று மீன் தொட்டிகள். "ஒரு வேலையும் இல்லம்மா, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டாப் போதும்" என்றான். அது ஆகஸ்ட் மாதம். நவம்பரில் குன்னூரில் பனி இறங்கியதும் போன் செய்து, "மூணு தொட்டியிலயும் ஹீட்டரை ஆன் பண்ணிடுங்க, 26 டிகிரியில வைங்க" என்றான். வைத்தேன்.

ஜனவரியில் ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை இரண்டு முறை பார்த்தார். "டீச்சர், வீட்ல புதுசா ஏதாச்சும் மிஷின் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். முந்தைய இரண்டு மாதத்துக்கு 186 யூனிட். இந்த முறை 492. குளிக்க எங்களுக்கு விறகு பாய்லர்தான், கீசர் கிடையாது. ஆக, கூடுதலான முந்நூற்றுச் சொச்சமும் மீன்களுக்குப் போனது. 500 யூனிட்டைத் தாண்டியிருந்தால் யூனிட் விலையே இன்னும் ஏறியிருக்கும். எட்டே யூனிட்டில் தப்பித்தேன்.

இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுப்பவளுக்கு இது மானப் பிரச்சினை. அந்த ஜனவரியில் பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்ததுதான் கீழே இருப்பது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நேராகப் பயன்படும். கோவைக்காரர்களுக்கும் டிசம்பரில் கொஞ்சம் உதவும். சென்னைக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.

முதல் வேலை அளப்பது. பிளக்குக்கும் ஹீட்டருக்கும் நடுவில் சொருகுகிற சின்ன வாட் மீட்டர் ஒன்றை வாங்கினேன். எந்தப் பொருள் ஒரு நாளில் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று அதுவே காட்டிவிடும். அது இல்லையென்றாலும் வழி இருக்கிறது. இப்போதைய ஈபி மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 200 வாட் ஹீட்டரை மட்டும் போட்டால் ஐந்தரை விநாடிக்கு ஒரு மினுக்கு வரும். ஹீட்டர் எவ்வளவு இழுக்கிறது என்று இதில் தெரியும். நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதை ஹீட்டரின் மேலுள்ள விளக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை.

என் தொட்டிகளின் கணக்கு இது. பெரியது மூன்றடி நீளம், 90 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் இரண்டு ஏஞ்சல், ஏழெட்டு டெட்ரா. சின்னவை இரண்டும் ஒன்றரை அடி, தலா 30 லிட்டர். ஒன்றில் ஒரு ஃபைட்டர், இன்னொன்றில் இரண்டு தங்கமீன். அறையின் வெப்பம் இரவில் 14, பகலில் 16 டிகிரி. பெரிய தொட்டியின் ஹீட்டர் நாளைக்கு 2.4 யூனிட் இழுத்தது. சின்னவை ஒவ்வொன்றும் 1.2. மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் பாதிச் செலவு! சின்னத் தொட்டி என்றால் சின்னச் செலவு என்று நினைத்திருந்தேன். தண்ணீர் குறைந்தாலும் அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பரப்பு அதே அளவுக்குக் குறைவதில்லை. சூடு ஓடுவது அந்தப் பரப்பு வழியாகத்தான்.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானும் அதில்தான் முதலில் பணத்தை விட்டேன். "200 வாட் ஹீட்டரை எடுத்துவிட்டு 100 வாட் போட்டால் பாதிக் கரண்டு" என்று நினைத்து 100 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு பைசா குறையவில்லை. முதல் ஹீட்டர் பாதி நேரம் எரிந்தது, புதியது நாள் முழுக்க எரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு ராத்திரி இரண்டு மணிக்கு மேல் தண்ணீரை 26இல் பிடித்து வைக்கவும் அதனால் முடியவில்லை. ஓட்டைக் குடத்தைச் சொம்பால் நிரப்பினால் என்ன, வாளியால் நிரப்பினால் என்ன, ஒழுகுகிற தண்ணீர் அதேதான். ஓட்டையை அடைக்க வேண்டும். எங்களைப் போன்ற குளிர் ஊரில் லிட்டருக்கு இரண்டு வாட் வரை ஹீட்டர் வைத்துக்கொள்வதே நல்லது. வாட் கூடினால் பில் கூடாது.

பெரிய ஓட்டை மேலே இருந்தது. மகன் தொட்டியைத் திறந்தே வைத்திருந்தான், பார்க்க அழகு என்று. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஆவியாகத்தான் போயிருக்கிறது, போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் சூட்டின் அளவு 0.68 யூனிட். அதை ஹீட்டர்தான் ஈடுகட்ட வேண்டும். போதாததற்குச் சுவரெல்லாம் ஈரம் பூத்து, அலமாரிப் புத்தகங்களில் பூஞ்சை.

கண்ணாடிக் கடையில் 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் இரண்டு துண்டு வெட்டி வாங்கினேன். தொட்டியின் உள்ளளவைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவாக, விளிம்பை உரசிக் கூர் மழுக்கித் தரச் சொல்லுங்கள். வயர்களும் ட்யூபும் போக ஒரு மூலையை மட்டும் வெட்டிவிட்டால் போதும். மகன் சொன்ன அக்ரிலிக் தகட்டைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். பத்தே நாளில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. மூடினால் மீனுக்கு மூச்சு முட்டுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால், மூலையில் இடைவெளியும் இருந்தால், ஒன்றும் ஆகாது. இந்த ஒரு வேலையில் 2.4 யூனிட் 1.75 ஆனது. செய்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் நேரமிருக்கிறது என்பவர்கள் இதை மட்டும் செய்யுங்கள்.

(எங்கள் பூனை அந்தக் கண்ணாடி சூடாக இருப்பதை மறுநாளே கண்டுபிடித்துவிட்டது. நாலு கிலோ பூனை படுத்தால் 4 மில்லிமீட்டர் தாங்குமா என்று சோதிக்க வேண்டாம். பூனை உள்ள வீட்டுக்காரர்கள் மேலே ஒரு பலகைச் சட்டம் வையுங்கள்.)

அடுத்தது பக்கங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் வைப்பது நம் ஊர் வழக்கம்தான். கண்ணாடி விரிசல் விடாமலிருக்க வைப்பது, குளிருக்கும் உதவுகிறது. அதையே பின்பக்கத்துக்கும் இரண்டு ஓரங்களுக்கும் வைத்தேன். காசு கொடுத்து வாங்கவில்லை. சென்னை கொளத்தூரிலிருந்து மலைக்கு வரும் மீன்கள் ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பையில், தெர்மாகோல் பெட்டிக்குள்தான் வருகின்றன. மீன் கடைக்காரர் அந்தப் பெட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தார். கேட்டதும் மூன்று கொடுத்தார். ஒரு அங்குல கனம். பிளேடால் அளவு வெட்டி, வெளிப்பக்கமாக டேப் போட்டு ஒட்டினேன். கண்ணாடியோடு நன்றாகப் படிந்திருக்க வேண்டும். இடையில் காற்று ஓடினால் பலனில்லை. உள்பக்கம் பார்க்கும் முகத்துக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டிக்கொண்டால் ஏஞ்சல்களும் எடுப்பாகத் தெரியும், வெள்ளைத் தெர்மாகோலின் அவலட்சணமும் மறையும். 1.75 யூனிட் 1.2க்கு வந்தது.

முன்பக்கம் மட்டும்தான் மிச்சம். அதை மறைத்துவிட்டால் தொட்டி எதற்கு? ராத்திரி விளக்கை அணைத்ததும் ஒரு பழைய கம்பளியை முன்னால் தொங்கவிடுகிறேன், காலையில் எடுத்துவிடுகிறேன். கம்பளியின் நுனி தண்ணீரில் படக் கூடாது. பட்டால் திரி மாதிரி உறிஞ்சித் தரையெல்லாம் ஈரமாக்கிவிடும். காலையில் சாக்ஸ் நனைந்து கற்றுக்கொண்ட பாடம் இது.

இனி வெப்ப அளவு. எல்லா மீனுக்கும் 26 என்பது மகன் யாரிடமோ கேட்டு வைத்த கணக்கு. ஏஞ்சலுக்கு 24 போதும், நியான் டெட்ரா 22இலும் சந்தோஷமாக இருக்கும். அறை 15 டிகிரி, தண்ணீர் 26 என்றால் இடைவெளி 11. அதில் ஒரு டிகிரி குறைத்தால் செலவில் பதினொன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு குறைத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 24க்கு இறக்கி, கம்பளியும் போட்ட பிறகு பெரிய தொட்டி 0.9 யூனிட்டில் நிற்கிறது. 2.4 எங்கே, 0.9 எங்கே!

ஆனால் இதில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். கணக்கு போட்ட உற்சாகத்தில் ஒரே ராத்திரியில் 26இலிருந்து 22க்கு இறக்கிவிட்டேன். நாலாவது நாள் ஏஞ்சலின் செதிலில் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். திடீர்க் குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் வந்து ஒட்டிக்கொள்கிற ஒட்டுண்ணி நோய் அது. மருந்து போட்டு, தண்ணீரை மெல்ல மெல்ல 29 டிகிரிக்கு ஏற்றி, பதினைந்து நாள் அப்படியே வைக்க வேண்டியிருந்தது. மிச்சம் பிடித்த கரண்டெல்லாம் அந்தப் பதினைந்து நாளில் போயிற்று, கூடவே இரண்டு டெட்ராவும். மகனுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன். நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். அதையும் அரை டிகிரியாகச் செய்தால் இன்னும் நல்லது.

ஹீட்டரின் திருகில் எழுதியிருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள். என்னுடையது 26 என்று காட்டியபோது தனி தெர்மாமீட்டர் 28 காட்டியது. இரண்டு டிகிரிக்கு இரண்டு மாதம் தண்டம் கட்டியிருக்கிறேன். தெர்மாமீட்டரை ஹீட்டருக்கு எதிர் மூலையில் வையுங்கள். ஹீட்டரை ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்துப் பொருத்தினால் சூடு சீராகப் பரவும். ஒரு மூலை வெந்நீராகவும் மறு மூலை பச்சைத் தண்ணீராகவும் இருக்காது.

சின்னத் தொட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லையே. தங்கமீனுக்கு ஹீட்டரே வேண்டாம் என்பது எனக்கு ஜனவரியில்தான் தெரிந்தது. அது குளிர்நீர் மீன். 13, 14 டிகிரியில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். தினம் ஒரு டிகிரியாக இறக்கி ஹீட்டரை எடுத்துவிட்டேன். இரண்டு தங்கமீனுக்கு 30 லிட்டர் தொட்டி என்பதும் அநியாயம். இப்போது பின்னறையில் நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் அதுகள் ராஜபோகமாக இருக்கின்றன. குளிரில் தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உடம்பு குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகிவிடும், தின்னாத தீனி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஃபைட்டருக்கு 25 டிகிரியாவது வேண்டும். ஒரு மீனுக்காக நாளைக்கு 1.2 யூனிட். அவரை மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மலையிலிருந்து இறங்கினால் போதும், அவருக்குக் குளிர்காலமே கிடையாது. தெர்மாஸ் பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன், கண்டக்டர் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டார்.

மலையில் புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறவர்கள் மீனை வாங்கும்போதே யோசியுங்கள். தங்கமீன், ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப், வைட் கிளவுட் இதெல்லாம் 18 டிகிரி தண்ணீரில் சௌகரியமாக வாழும். டிஸ்கஸ் கேட்பது 28க்கு மேல். குன்னூரில் டிஸ்கஸ் வளர்ப்பது சட்டைப் பையில் ஓட்டை போட்டுக்கொள்வதுதான். கடையில் கேட்டால் "எல்லாம் வளருங்க" என்பார்கள். அவர்கள் கடையின் கரண்ட் பில்லை யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

பம்ப், ஃபில்டர் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செலவைக் குறைக்கிறேன் என்று ராத்திரியில் ஃபில்டரை அணைப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். ஃபில்டருக்குள் கழிவைத் தின்னும் பாக்டீரியா ஓடும் தண்ணீரில்தான் உயிரோடிருக்கும். அதோடு, தண்ணீருக்குள் முங்கியிருக்கும் பம்ப் இழுக்கிற கரண்டெல்லாம் கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே சூடாகத்தான் முடிகிறது. 15 வாட் பம்ப் ஓடினால் ஹீட்டர் அந்த 15 வாட்டைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே குளிர்காலத்தில் அதை மாற்றி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. கோடையில் ஹீட்டர் ஓடாத மாதங்களில் குறைந்த வாட் பம்ப் லாபம். வெளியே இருக்கும் ஏர் பம்ப் வேறு கதை. அது அறையின் குளிர்ந்த காற்றை இழுத்துத் தொட்டிக்குள் ஊதுகிறது. குமிழைத் தேவைக்கு மேல் பொங்கவிடாமல் வால்வைத் திருகிக் குறைத்து வையுங்கள்.

விளக்கு: பழைய ட்யூப்லைட்டும் சோக்கும் சேர்ந்து 50 வாட், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை எரிந்துகொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் யாருக்கு வெளிச்சம்? 18 வாட் எல்இடி போட்டு, டைமர் பிளக்கில் மாலை மூன்று முதல் பத்து வரை வைத்துவிட்டேன். செடிக்கும் ஏழு மணி நேரம் போதும். பாசி குறைந்தது கூடுதல் லாபம்.

தண்ணீர் மாற்றுவதும் செலவுதான். இங்கே குழாய்த் தண்ணீர் ஜனவரியில் 13 டிகிரி. இருபது லிட்டர் மாற்றினால் அதைச் சூடாக்கவே கால் யூனிட் ஆகும், மீனுக்கும் அதிர்ச்சி. முந்தைய நாளே வாளியில் பிடித்துச் சமையலறையில் வைத்துவிடுகிறேன். குளோரின் போகும், தண்ணீரும் அறைச் சூட்டுக்கு வரும். மீதிக்குக் கொஞ்சம் வெந்நீர் கலக்கிறேன். அதை விறகு பாய்லரிலிருந்து எடுக்காதீர்கள். எங்களுடையது தாமிர பாய்லர், தாமிரம் மீனுக்கு ஆகாது, இறாலுக்கும் நத்தைக்கும் விஷமே. எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சியது நல்லது. தண்ணீர் இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். பிளக்கைப் பிடுங்காமல் கையை உள்ளே விடுவது மீனைவிட நமக்கு ஆபத்து. வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு வையுங்கள், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நவம்பர், டிசம்பர் மழையில் மரம் கம்பி மேல் விழுந்து கரண்ட் போவது இங்கே சாதாரணம். மூடாத தொட்டியில் மணிக்கு ஒரு டிகிரி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது தெர்மாகோலும் கண்ணாடியும் இருப்பதால் அரை டிகிரிகூட இறங்குவதில்லை. போன டிசம்பரில் ஆறு மணி நேரம் கரண்ட் இல்லாமல் 24இலிருந்து 22 வரைதான் போனது. வெந்நீர் பாட்டிலை மிதக்கவிடச் சொல்வார்கள். கணக்கு போட்டுப் பார்த்தேன்: 90 லிட்டர் தொட்டிக்கு ஒரு லிட்டர் பாட்டிலால் அரை டிகிரிதான் ஏறும். பாட்டிலைத் தேடும் நேரத்தில் இன்னொரு கம்பளியைப் போர்த்திவிடலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருந்தால் நிம்மதி.

தொட்டி இருக்கும் இடத்தையும் மாற்றினேன், ஆனால் அது மே மாதம், தண்ணீர் முழுக்க இறக்கிய பிறகு. முன்பு வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னலுக்கு அடியில் இருந்தது. இப்போது சமையலறையோடு சேர்ந்த உள்சுவர் பக்கம். அங்கே இரவில் இரண்டு டிகிரி கூடுதல். அடியில் இருந்த நைந்துபோன தெர்மாகோலையும் அப்போதே மாற்றிவிட்டேன். தண்ணீரோடு தொட்டியை நகர்த்த முயலாதீர்கள், ஒட்டு விட்டுவிடும்.

அடுத்த ஜனவரியில் ரீடிங் எடுக்க அதே ஆள்தான் வந்தார். 224 யூனிட். "மிஷினை வித்துட்டீங்களா டீச்சர்?" என்றார். உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். கம்பளியைக் கொஞ்சம் விலக்கி ஏஞ்சல்களைப் பார்த்தார். மகன் பொங்கலுக்கு வந்தபோது அதே கம்பளியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என்னோட கம்பளி" என்றான். அவனுக்கு வேறு எடுத்துக் கொடுத்தேன்.